உதகை ஆளுநர் மாளிகையும் ஆளுநர் பதவியின் வரலாறும்: சில ஐயங்கள்

குன்னூர் ஆசிரியை கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். குன்னூருக்கு அருகே ஒரு மேல்நிலைப் பள்ளியில் வரலாறு கற்பிக்கிறேன். நீலகிரிக்கும் சென்னை மாகாண ஆட்சிக்கும் இருந்த தொடர்பைப் பற்றிப் பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள் பள்ளிக் கண்காட்சிக்காக விளக்கப் பலகைகள் எழுதி வருகிறார்கள். தாவரவியல் பூங்காவுக்கு மேலே இருக்கும் ஆளுநர் மாளிகையைப் பற்றிய பலகையில்தான் வேலை நின்றுபோயிருக்கிறது.

1870 முதல் உதகமண்டலம் மாகாண அரசின் கோடைகாலத் தலைமையிடமாக இருந்தது என்பதை எல்லா நூல்களும் சொல்கின்றன. அப்படியென்றால் அந்த மாதங்களில் மாகாணம் முழுவதும் இங்கிருந்துதான் ஆளப்பட்டதா, அல்லது ஆளுநர் மட்டும் வெயிலுக்கு ஒதுங்கி மலைக்கு வந்து போனாரா என்று ஒரு மாணவி கேட்டாள். இன்னொரு மாணவனின் கேள்வி இதைவிடக் கடினமானது. அன்று இந்த மாளிகையில் இருந்த ஆங்கிலேய கவர்னரும், இன்று கோடையில் இங்கே வந்து தங்கும் ஆளுநரும் ஒரே பதவியைத்தான் வகிக்கிறார்களா, அல்லது வீடு மட்டும் அதே வீடா என்று அவன் கேட்கிறான். பாடநூலில் இருக்கும் இரண்டு பத்திகளை வைத்துக்கொண்டு இதற்கு விடை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விவரம் அறிந்தவர்கள் சற்று விரிவாகவே எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


கல்பங்களா எழுதியது:

அம்மா, இரண்டாவது கேள்விக்குச் சட்டம் அறிந்த நண்பர்கள் வருவார்கள். முதல் கேள்விக்கு விடை சொல்ல, பதவி தொடங்கிய இடத்திலிருந்து வந்தால்தான் தெளிவு கிடைக்கும். கல்லூரியில் இதைப் பல ஆண்டுகள் நடத்தியவன் என்பதால் கொஞ்சம் நீளும்; பொறுத்துக்கொள்ளுங்கள்.

புனித ஜார்ஜ் கோட்டையின் கவர்னர் தொடக்கத்தில் ஓர் ஆட்சியாளரே அல்லர். கிழக்கிந்தியக் கம்பெனியின் கடற்கரைக் கிடங்குகளுக்குத் தலைமை வகித்த வணிகர். துணி கொள்முதலும் கப்பல் சரக்கும் உள்ளூர் வணிகர்களோடு கணக்கு முடிப்பதும்தான் அவருடைய அன்றாட அலுவல். 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்து கவர்னர் மோர்ஸைப் புதுச்சேரிக்குக் கைதியாகக் கொண்டுபோனபோது, தலைமையிடம் கடலூருக்கு அருகே இருந்த புனித டேவிட் கோட்டைக்கு மாறியது. சென்னை 1749இல் திரும்பக் கிடைத்த பிறகும் 1752 வரை அங்கேயேதான் இருந்தது. ஆக, தலைமையிடம் ஊர் மாறுவது இந்தப் பதவிக்கு உதகையில்தான் முதன்முதலாக நேர்ந்தது என்று எண்ண வேண்டியதில்லை.

அக்காலத்து கவர்னர் தனியாக எதையும் முடிவு செய்ய இயலாது. ஆலோசனைக் குழுவின் பெரும்பான்மை எதுவோ அதுவே முடிவு. இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு பிகட் பிரபுவின் கதையை மாணவர்களுக்குச் சொல்லலாம். தஞ்சாவூர் மன்னருக்கு அவருடைய நாட்டைத் திருப்பித் தர வேண்டும் என்பதில் அவருக்கும் குழுவினருக்கும் மூண்ட பகை முற்றி, 1776 ஆகஸ்டில் அந்தக் குழுவே தன் கவர்னரைச் சிறைப்பிடித்தது. அடுத்த ஆண்டு காவலில் இருந்தபடியே அவர் இறந்தார். குழுவின் முடிவை மீறி நடக்கும் அதிகாரம் சென்னை, பம்பாய் கவர்னர்களுக்கு 1793ஆம் ஆண்டுச் சாசனச் சட்டத்தால்தான் உறுதியாயிற்று. இதற்கிடையில் 1773இன் ஒழுங்குமுறைச் சட்டம் போர், சமாதானம் ஆகியவற்றில் சென்னையை வங்காளத்துக்குக் கீழே வைத்துவிட்டது. ஒரு பக்கம் கவர்னரின் கை ஓங்குகிறது. மறுபக்கம் அவருக்கு மேலே ஒருவர் வந்து உட்காருகிறார். இந்த இரட்டைப் போக்கைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பலமுறை தலைகாட்டும்.

இனி மலைக்கு வருவோம். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் நீலகிரிக்கு வந்தார். சில ஆண்டுகளுக்குள் உதகையில் கல்வீடு ஒன்றைக் கட்டினார். மலைமக்கள் அதைக் கல் பங்களா என்றார்கள். என் புனைபெயரும் அங்கிருந்து எடுத்ததுதான். தாமஸ் மன்றோ கவர்னராக இருந்தபோது 1826இல் வந்து பார்த்துவிட்டுப் போனார். மறு ஆண்டே பத்திகொண்டாவில் வாந்திபேதியால் அவர் மறைய, அடுத்து வந்த ஸ்டீபன் ரம்போல்டு லஷிங்டன்தான் இந்த மலையின்மீது மெய்யான அக்கறை காட்டிய முதல் கவர்னர். குன்னூர் மலைப்பாதையும் புனித ஸ்டீபன் தேவாலயமும் அவர் காலத்தவை. தேவாலயத்தின் உத்தரங்கள் திப்புவின் ஸ்ரீரங்கப்பட்டண அரண்மனையிலிருந்து கொண்டுவரப்பட்டவை என்பது உங்கள் மாணவர்களுக்கே தெரிந்திருக்கும். அதே லஷிங்டன் காலத்தில், 1830இல், இந்த மலையின் பெரும்பகுதி கோயம்புத்தூரிலிருந்து பிரிக்கப்பட்டு மலபார் மாவட்டத்தோடு சேர்க்கப்பட்டது. 1843இல்தான் திரும்ப வந்தது. கவர்னர் ஒருவரின் விருப்பு வெறுப்பு ஒரு மலையை மாவட்டம் விட்டு மாவட்டம் தூக்கிவைக்கப் போதுமானதாக இருந்த காலம் அது.

1834இல் நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த முரண். அதற்கு முந்தைய ஆண்டு நிறைவேறிய சாசனச் சட்டம், சட்டம் இயற்றும் அதிகாரத்தைச் சென்னை கவர்னரிடமிருந்து முற்றாகப் பறித்து, இந்தியாவின் கவர்னர் ஜெனரல் என்னும் புதிய பதவியிடம் ஒப்படைத்தது. அந்தப் பதவியின் முதல் ஆளான வில்லியம் பென்டிங், சட்டம் நடைமுறைக்கு வந்த வேளையில் கல்கத்தாவில் இல்லை; உடல்நலம் தேடி உதகையில் இருந்தார். சட்ட உறுப்பினராக நியமிக்கப்பட்ட மெக்காலே அந்த ஜூன் மாதம் சென்னையில் கப்பலிறங்கி, பல்லக்கில் இந்த மலை ஏறிவந்து அவரைச் சந்தித்தார். சென்னையிடமிருந்து பறிக்கப்பட்ட அதிகாரம், சென்னை மாகாணத்து மலைமேலேயே சில மாதம் தங்கியிருந்தது. இந்த பென்டிங்கும் முன்பு சென்னை கவர்னராக இருந்து, 1806 வேலூர்ப் புரட்சிக்குப் பிறகு திரும்ப அழைக்கப்பட்டவர்தான்.

உங்கள் மாணவியின் கேள்விக்கு விடை: ஆம், கோடை மாதங்களில் மாகாணம் இங்கிருந்துதான் ஆளப்பட்டது. கவர்னர் மட்டுமன்றி ஆலோசனைக் குழு உறுப்பினர்கள், செயலாளர்கள், எழுத்தர்கள், கோப்புப் பெட்டிகள், ஏவலர்களான டபேதார்கள் என ஓர் அரசாங்கமே பெயர்ந்து வந்தது; சில காலங்களில் அரையாண்டு வரை கூட இங்கே இருந்தது. சல்லிவனின் கல்வீடு இருந்த வளாகமே கோடைகாலத் தலைமைச் செயலகமாயிற்று. இன்று அங்கே அரசு கலைக் கல்லூரி நடக்கிறது. தந்தி இருந்ததால் கட்டளைகள் தடையின்றிப் போயின. 1873இல் ரயில் மேட்டுப்பாளையம் வரை வந்தபின் பயணமும் எளிதாயிற்று. மலை ரயில் 1899இல் குன்னூரையும் 1908இல் உதகையையும் எட்டியது.

ஆனால் 1870க்கு முன்பு கவர்னர்களுக்கென இங்கே சொந்தமாக மாளிகை கிடையாது. எல்பின்ஸ்டன் பிரபு கேத்தியில் வீடு வைத்திருந்தார். மற்றவர்கள் உதகையில் கிடைத்த பெரிய வீடுகளில் தங்கினார்கள். இப்போது நாம் காணும் மாளிகையை பக்கிங்ஹாம் கோமகன் கவர்னராக இருந்தபோது, 1877 முதலான ஆண்டுகளில் கட்டினார்கள். இங்கிலாந்தில் அவருடைய குடும்பத்துக்குச் சொந்தமான ஸ்டோவ் மாளிகையின் சாயல் இதில் உண்டு என்பார்கள்.


சேரிங்கிராஸ் எழுதியது:

பேராசிரியர் ஐயா விரிவாக எழுதிவிட்டார். அந்தக் கடைசிப் பத்தியின் ஆண்டை மட்டும் அவர் விரைவாகக் கடந்துவிட்டதாக எனக்குப் படுகிறது. 1877 என்பது தாது வருடப் பஞ்சத்தின் நடுப்பகுதி. பெல்லாரியிலும் கடப்பையிலும் சேலத்திலும் மக்கள் கொத்துக் கொத்தாக மடிந்துகொண்டிருந்தார்கள். செலவைக் குறைப்பதற்காக இந்திய அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் அந்த ஆண்டின் தொடக்கத்தில் சென்னைக்கு வந்து, நிவாரண வேலைக்கு வந்த ஆண்களுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிதளவு காசும் போதும் என்று கூலியைக் குறைக்க வைத்தார். மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் வன்மையாக எதிர்த்த பிறகு, சில மாதங்கள் கழித்தே அது உயர்த்தப்பட்டது. கவர்னர் பக்கிங்ஹாம் இந்தச் சிக்கன முறைக்கு உடன்படாதவர் என்பது உண்மை. வைஸ்ராய் லிட்டன் நேரில் தெற்கே வந்து தம் கருத்தை நிலைநாட்டியதும் உண்மை. ஆனாலும் அதே கவர்னரின் காலத்தில், அதே ஆண்டில், இந்த மலைமேல் மாளிகைக்குக் கல் சுமக்கப்பட்டது. மாணவர்களின் பலகையில் ஸ்டோவ் மாளிகையின் சாயலுக்கு ஒரு வரி இருந்தால் பஞ்சத்துக்கும் ஒரு வரி இருக்கட்டும். அவரது பெயரைத் தாங்கிய பக்கிங்ஹாம் கால்வாயில் பஞ்ச நிவாரண வேலையாட்களின் உழைப்பு கலந்திருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதினால் படம் முழுமை பெறும்.

என் பாட்டனார் அந்த மாளிகைத் தோட்டத்தில் மாலியாக வேலை பார்த்தவர். சீசன் தொடங்குமுன் புல்வெளியைச் சீராக்குவதும், கண்ணாடிக் கூண்டிலிருந்து பூந்தொட்டிகளை எடுத்து வந்து வராந்தாப் படிகளில் நிறம் பார்த்து அடுக்குவதும் அவர்கள் வேலை. தொட்டி ஒன்று வரிசை தப்பி இருந்தால் துரை வாய் திறக்கமாட்டார், டபேதார்தான் திட்டுவார் என்று அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். உதகைக்காரர்களுக்கு அரசாங்கம் என்றால் மேலே இருந்த கவர்னர் அல்லர். அவருக்கும் நமக்கும் இடையே நின்ற அந்தச் சிவப்புப் பட்டைக்காரர்தான். சீசன் முடிந்து அரசு இறங்கிப் போய்விட்டால் மெயின் பஜாரில் பாதிக் கடைகளுக்கு வியாபாரமே இருக்காதாம்.

மாணவர்களை அழைத்துப் போவதாக இருந்தால் மாளிகைக்குள் அனுமதி வாங்குவது சிரமம். ஊரின் நடுச் சந்திப்பான சேரிங் கிராஸுக்கே வரலாம். நடுவில் இருக்கும் ஆடம் நீரூற்று, 1880 இறுதியில் கவர்னராகப் பதவியேற்று, சில மாதங்களிலேயே, 1881 மே மாதம் உதகையிலேயே இறந்த வில்லியம் பேட்ரிக் ஆடமின் நினைவாக வைத்தது. பேருந்தும் டாக்சியும் சுற்றிச் சுற்றிப் போகிற அந்த இடத்தில் நின்று படம் எடுக்காத சுற்றுலாப் பயணி இல்லை. யார் அந்த ஆடம் என்று கேட்டவரை நான் பார்த்ததில்லை. அவருடைய கல்லறை ஏரியை ஒட்டிய புனித தாமஸ் தேவாலயத்தில் இருக்கிறது. வென்லாக் டவுன்ஸ், ஹேவ்லாக் சாலை, ஹோபார்ட் பூங்கா, லாலி இன்ஸ்டிட்யூட் என்று இந்த ஊரின் பெயர்ப் பலகைகளைப் படித்தாலே கவர்னர் பட்டியலில் பாதி மனப்பாடம் ஆகிவிடும்.


கொடைவாசி எழுதியது:

பழனி மலைக்காரன் ஒருவன் குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் கொடைக்கானலுக்கு ஏன் இந்த வாய்ப்பு வரவில்லை என்பதையும் மாணவர்கள் ஒரு வரியில் சேர்க்கலாம். 1845இல் அமெரிக்க மிஷனரிகள் குடியேறிய ஊர் இது. 1863இல் ஏரியை அமைத்தவர் மதுரை கலெக்டராக இருந்த வீர் லெவிஞ்ச். நல்ல வண்டிச் சாலை மேலே வந்து சேர இருபதாம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது. அதற்குள் உதகையில் கவர்னர், குழு, செயலகம், படைத்தளம் எல்லாம் வேர் பிடித்துவிட்டன. கோப்பும் எழுத்தரும் ஏற முடியாத மலையில் அரசாங்கம் குடியிருக்காது. அரசு வராததில் எங்களுக்கு இழப்பா, லாபமா என்று இங்குள்ளவர்களைக் கேட்டால் பெரும்பாலோர் லாபம் என்றே சொல்வார்கள். அது வேறு கதை.


குன்னூர் ஆசிரியை எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. பஞ்சத்தைப் பற்றிய வரியை மாணவர்களே ஏற்கெனவே எழுதத் தொடங்கிவிட்டார்கள்.

இரண்டாவது கேள்வி இன்னும் நிற்கிறது. அந்த மாணவன் அதை ஏன் விடாமல் கேட்கிறான் என்பதும் எனக்குப் புரிகிறது. 2022 ஏப்ரல் 25 அன்று துணைவேந்தர் நியமன அதிகாரத்தை மாநில அரசுக்கு மாற்றும் சட்டமுன்வரைவு சென்னையில் சட்டப்பேரவையில் நிறைவேறியபோது, அதே நாளில் உதகை ஆளுநர் மாளிகையில் ஆளுநர் துணைவேந்தர்கள் மாநாட்டைத் தொடங்கி வைத்தார். 2025 ஏப்ரலில் குடியரசுத் துணைத் தலைவரே வந்து அங்கு இன்னொரு மாநாட்டைத் தொடங்கினார். பழைய கோடைகாலத் தலைமையிடத்தில் அதிகாரத்தின் நிழல் ஏதோ மிச்சம் இருப்பதாக அந்தப் பையன் நினைக்கிறான். சட்டப்படி அது சரியா?


கோப்பு எண் எழுதியது:

அம்மா, தலைமைச் செயலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்று இப்போது கோத்தகிரியில் இருக்கிறேன். அரசியல் கருத்து எதுவும் சொல்லாமல் சட்டம் நடந்துவந்த வழியை மட்டும் சொல்கிறேன்.

கல்பங்களா ஐயா விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால், 1861ஆம் ஆண்டுச் சட்டம் சென்னைக்குச் சட்டம் இயற்றும் அதிகாரத்தைத் திருப்பித் தந்தது. 1892, 1909 சட்டங்கள் மாகாணச் சட்டமன்றத்தின் உறுப்பினர் எண்ணிக்கையைப் பெருக்கின. நிர்வாகம் முழுவதும் கவர்னரிடமும் அவருடைய நிர்வாகக் குழுவிடமுமே இருந்தது. முதல் விரிசல் 1919ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த இரட்டையாட்சி. கல்வி, பொதுச் சுகாதாரம், உள்ளாட்சி போன்ற துறைகள் மன்றத்துக்குப் பொறுப்பான அமைச்சர்களிடம் போயின. காவல், நிலவரி, நிதி ஆகியவை கவர்னரின் குழுவிடமே தங்கின. 1920 டிசம்பரில் வில்லிங்டன் கவர்னராக இருந்தபோது சுப்பராயலு ரெட்டியார் தலைமையில் நீதிக்கட்சி அமைச்சர்கள் பொறுப்பேற்றார்கள். பணப்பெட்டியின் சாவி ஒருவரிடமும் செலவுப் பட்டியல் இன்னொருவரிடமும் இருந்த குடித்தனம் அது.

மாணவனின் கேள்விக்கு உரிய இடம் 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம். மாகாணத் துறைகள் அனைத்தும் அமைச்சர்களிடம் வந்தன. ஆனால் 50ஆம் பிரிவு, கவர்னர் தம் விருப்புரிமைப்படி, அதாவது தாமே முடிவு செய்து, செயல்பட வேண்டியவை தவிர மற்றவற்றில் அமைச்சரவை அவருக்கு உதவியும் ஆலோசனையும் வழங்கும் என்றது. 52ஆம் பிரிவு அவருக்குச் சிறப்புப் பொறுப்புகளை வகுத்தது. 75ஆம் பிரிவு, மன்றம் நிறைவேற்றிய சட்டத்துக்கு ஒப்புதல் தரவோ, மறுக்கவோ, மேலே அனுப்பி வைக்கவோ, மறுபரிசீலனைக்குத் திருப்பவோ வழி செய்தது. அமைச்சராட்சி நடத்த முடியாத நிலையில் எல்லா அதிகாரத்தையும் கவர்னரே எடுத்துக்கொள்ள 93ஆம் பிரிவு இடம் தந்தது.

இந்தச் சிறப்பு அதிகாரங்களைப் பயன்படுத்தமாட்டோம் என்ற உறுதிமொழி கிடைக்காமல் பதவி ஏற்கமாட்டோம் என்று 1937 தேர்தலில் வென்ற காங்கிரஸ் மறுத்தது. அந்த இடைவெளியில் ஏப்ரல் முதல் கே. வி. ரெட்டி நாயுடு தலைமையில் ஓர் இடைக்கால அமைச்சரவை நடந்தது. ஜூலை 14 அன்று ராஜாஜி பதவியேற்றார். போர் தொடங்கிய பிறகு 1939 அக்டோபர் இறுதியில் அவர் விலகியதும் 93ஆம் பிரிவு உயிர்பெற்றது. 1946 ஏப்ரல் வரை முதலில் எர்ஸ்கினும் பிறகு ஆர்தர் ஹோப்பும் இறுதியில் தற்காலிகமாக ஹென்றி நைட்டும் அமைச்சர்கள் இல்லாமலே மாகாணத்தை ஆண்டார்கள். காந்தியார் காலத்து கவர்னர் ஆட்சி என்று மூத்தவர்கள் பேசுவது பெரும்பாலும் அந்த ஆறரை ஆண்டுகளைத்தான்.

அரசியல் நிர்ணய சபையில் முதலில் எழுந்த கருத்து, ஆளுநரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது. மக்கள் தேர்ந்தெடுத்த முதலமைச்சரும் மக்கள் தேர்ந்தெடுத்த ஆளுநரும் ஒரே மாநிலத்தில் இருந்தால் மோதல் ஓயாது என்ற அச்சத்தால் 1949இல் அது கைவிடப்பட்டு, குடியரசுத் தலைவர் நியமிப்பது என்று முடிவாயிற்று. ஆனால் வரைவைத் தயாரித்தவர்கள் 1935ஆம் ஆண்டுச் சட்டத்தை மேசைமேல் வைத்துக்கொண்டே எழுதினார்கள். அமைச்சரவையின் ஆலோசனையையும் விருப்புரிமையையும் பேசும் இன்றைய 163ஆம் பிரிவு பழைய 50இன் வழி வந்தது. சட்டமுன்வரைவு ஒப்புதலைப் பேசும் 200ஆம் பிரிவு பழைய 75இன் வழி வந்தது. 356ஆம் பிரிவு 93இன் வழி வந்தது. சிறப்புப் பொறுப்புகள் மட்டும் பொதுவாகக் கைவிடப்பட்டன. ஆகவே வீடு மட்டும் அதே வீடு என்று சொல்லிவிட முடியாது. சில அறைகளின் பூட்டும் அதே பூட்டுதான். 158ஆம் பிரிவு, அதிகாரப்பூர்வ இல்லங்களை வாடகையின்றிப் பயன்படுத்தும் உரிமையையும் ஆளுநருக்குத் தருகிறது. உதகை மாளிகையும் கிண்டி மாளிகையும் இன்றும் அவர் வசம் இருப்பது அந்த அடிப்படையில்தான்.

பூட்டு அதே பூட்டு என்றாலும் திறக்கும் முறை மாறிவிட்டது. 1952 தேர்தலில் 375 இடங்கள் கொண்ட பேரவையில் காங்கிரஸ் 152 மட்டுமே பெற்றது. எதிர்க்கட்சிகள் கூட்டணியாகத் திரண்டு நின்றபோதும் ஆளுநர் ஸ்ரீபிரகாசா, தேர்தலில் நிற்காத ராஜாஜியை மேலவைக்கு நியமித்து ஆட்சி அமைக்க அழைத்தார். குடியரசான பிறகு இம்மாநிலத்தில் ஆளுநரின் விருப்புரிமை அரசியலின் போக்கையே திருப்பிய முதல் நிகழ்வு அதுதான். அதன் பின் 1976, 1980, 1988, 1991 ஆகிய ஆண்டுகளில் நான்கு அமைச்சரவைகள் 356ஆம் பிரிவின் கீழ் கலைக்கப்பட்டன. 1994இல் எஸ். ஆர். பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றம், பெரும்பான்மையை அறியும் இடம் சட்டப்பேரவையே என்றும் கலைப்பு ஆணையை நீதிமன்றம் ஆராயலாம் என்றும் சொன்ன பிறகு, அந்தப் பிரிவின் கூர் பெரிதும் மழுங்கியது. இப்போது எஞ்சிய வழக்கெல்லாம் 200ஆம் பிரிவைப் பற்றியது. 2025 ஏப்ரல் 8 அன்று, நிறுத்திவைக்கப்பட்ட பத்துச் சட்டமுன்வரைவுகளுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கொள்ளப்படும் என்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. குடியரசுத் தலைவர் கருத்துக் கேட்டதன்பேரில், அதே ஆண்டு நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, ஆளுநருக்குக் காலக்கெடு விதிப்பதும் ஒப்புதல் கிடைத்ததாகக் கொள்வதும் நீதிமன்றத்தின் வேலையல்ல என்று கருத்துரைத்தது.

துணைவேந்தர் மாநாடுகள் இந்த வழியில் வந்தவை அல்ல. ஆளுநர் பல்கலைக்கழகங்களின் வேந்தராக இருப்பது அரசியல் சட்டத்தால் அன்று. மாநிலச் சட்டமன்றம் இயற்றிய பல்கலைக்கழகச் சட்டங்களால். அந்த இரண்டையும் மாணவன் பிரித்தறிய வேண்டும்.


கல்பங்களா எழுதியது:

கோப்பு எண் ஐயா எழுதியது அத்தனையும் சரி. ஆனால் பிரிவு எண்களின் வழியாக மட்டும் பார்த்தால் தொடர்ச்சி ஒரு பக்கம்தான் தெரியும் என்பது என் கருத்து. கீழ்நோக்கி எவ்வளவு அதிகாரம் இருந்தது என்பதையே நாம் பேசுகிறோம். மேல்நோக்கி இந்தப் பதவி எப்போதும் எவ்வளவு நொய்ம்மையானது என்பதையும் பேச வேண்டும்.

சென்னை, பம்பாய் கவர்னர்கள் மற்ற மாகாணங்களின் துணைநிலை கவர்னர்களைப் போல ஐ.சி.எஸ். என்ற இந்தியக் குடிமைப் பணியின் படிக்கட்டில் ஏறி வந்தவர்கள் அல்லர். பெரும்பாலும் இங்கிலாந்தின் பிரபுக்கள், அரசியல்வாதிகள். லண்டனில் இந்திய விவகாரங்களைக் கவனித்த பிரிட்டிஷ் அமைச்சருடன் நேரடியாகக் கடிதம் எழுதிக்கொள்ளும் உரிமை அவர்களுக்கு உண்டு. டெனிசனும் நேப்பியரும் ஆம்ப்தில்லும் தற்காலிக வைஸ்ராய்களாகவே இருந்திருக்கிறார்கள். இவ்வளவு செல்வாக்கு இருந்தும், 1860இல் சார்லஸ் டிரெவெல்யன் வருமான வரித் திட்டத்துக்கு எதிரான தம் குறிப்பை வெளியிட்டுவிட்டார் என்பதற்காக லண்டன் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. வரி வேண்டாம் என்று அவர் சொன்னதில் நியாயம் இருந்ததா என்பது யாருக்கும் பொருட்டாகவில்லை.

131 ஆண்டுகள் கழித்து நடந்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1991 ஜனவரியில் தமிழ்நாட்டு அமைச்சரவையைக் கலைக்க மத்திய அரசு விரும்பியபோது, ஆளுநர் சுர்ஜித் சிங் பர்னாலா அதற்கான அறிக்கையை அனுப்ப மறுத்தார். அறிக்கை இல்லாமலும் கலைக்க 356ஆம் பிரிவில் இடம் இருந்ததால் கலைத்தார்கள். பர்னாலாவை பீகாருக்கு மாற்றினார்கள். அவர் அங்கே போக மறுத்துப் பதவி விலகினார். 2001இல் பாத்திமா பீவி விலக நேர்ந்ததன் பின்னணியிலும், நள்ளிரவில் முன்னாள் முதலமைச்சர் கைதானதை அடுத்து தில்லியில் எழுந்த அதிருப்திதான் இருந்தது. 156ஆம் பிரிவின்படி குடியரசுத் தலைவர் விரும்பும் வரையே ஆளுநர் பதவியில் இருக்கலாம். அந்த விருப்பம் நடைமுறையில் மத்திய அமைச்சரவையுடையது. பிகட் காலத்தில் குழு, டிரெவெல்யன் காலத்தில் லண்டன், பர்னாலா காலத்தில் தில்லி. இந்த மாளிகையில் தங்கியவர் எவருக்கும் அதிகாரம் சொந்தமாக இருந்ததில்லை என்றே நான் வகுப்பில் சொல்வேன். அந்தப் பையன் கேட்ட தொடர்ச்சியை இங்கேயும் தேடலாம்.


கோப்பு எண் எழுதியது:

ஐயா சொல்வதில் ஒரு பகுதியை ஏற்கிறேன். ஆனால் ஒரு வேறுபாட்டை விட்டுவிடக் கூடாது. டிரெவெல்யன் திரும்ப அழைக்கப்பட்டபோது அவருக்குக் கீழே மக்கள் தேர்ந்தெடுத்த அரசு ஏதும் இல்லை. லண்டனோடு கவர்னர் முரண்பட்டால் அது இரண்டு ஆங்கிலேய அதிகாரங்களுக்கு இடையிலான பிணக்கு மட்டுமே. பர்னாலா மறுத்தது ஒரு சட்டப்பேரவையின் பெரும்பான்மைக்காக. இரண்டையும் ஒரே தட்டில் வைத்தால் நடுவில் 1920 முதல் நடந்த மாற்றம் ஒன்றுமில்லை என்று மாணவர்கள் நினைத்துவிடுவார்கள். தமிழ்நாடு அரசு 1969இல் அமைத்த ராஜமன்னார் குழுவும், 1983இல் மத்திய அரசு அமைத்த சர்க்காரியா ஆணையமும் ஆளுநர் நியமனத்தில் மாநிலத்தின் குரல் கேட்கப்பட வேண்டும் என்று வலியுறுத்தியது இந்த வேறுபாட்டை உணர்ந்துதான்.


குன்னூர் ஆசிரியை எழுதியது:

உங்கள் இருவரின் கருத்தையும் அப்படியே எதிரெதிர்ப் பலகைகளில் வைக்கலாம் என்று மாணவர்கள் சொல்கிறார்கள். எனக்கும் அதுவே சரி என்று தோன்றுகிறது. பெயர்ப் பட்டியலுக்காக ஒரே ஒரு சிறு ஐயம். சென்னை மாகாணத்தின் முதல் இந்திய கவர்னர் 1948இல் வந்த பாவநகர் மகாராஜாதானா?


கோப்பு எண் எழுதியது:

நிலையான நியமனம் என்று பார்த்தால் அவர்தான். 1947 ஆகஸ்டுக்குப் பிறகும் ஆர்ச்சிபால்ட் நை என்ற ஆங்கிலேயரே ஓராண்டுக்கு மேல் கவர்னராகத் தொடர்ந்தார். 1948 செப்டம்பரில் பாவநகர் மகாராஜா கிருஷ்ணகுமார் சிங் பொறுப்பேற்றார். ஆனால் தற்காலிகமாகப் பதவி வகித்தவர்களையும் சேர்த்தால் அவருக்கு முன் இருவர் உண்டு. 1934இல் ஸ்டான்லி இல்லாத மூன்று மாதங்கள் முகமது உஸ்மானும், 1936இல் எர்ஸ்கின் விடுப்பில் இருந்தபோது கே. வி. ரெட்டி நாயுடுவும் கவர்னராக இருந்தார்கள். மறு ஆண்டு இடைக்கால அமைச்சரவைக்குத் தலைமை தாங்கியவரும் இதே ரெட்டி நாயுடுதான். கவர்னராக இருந்துவிட்டு, பிறகு கவர்னருக்கு ஆலோசனை சொல்லும் பிரதமராக (அன்று மாகாண முதலமைச்சருக்கு அந்தப் பெயர்) வந்தவர் இந்தப் பட்டியலில் அவர் ஒருவரே. பலகையில் இடம் இருந்தால் அவருக்கு ஒரு தனி வரி கொடுங்கள்.